நாற்பதாவது மணி நேரம்

"அது இங்க இல்லீங்களே தம்பி."

"இல்லைன்னா?"

"இல்லீனா இல்லீங்க. நேத்துக் காலைலயே கழட்டிக் குடுத்துட்டனுங்க."

"கழட்டி... யாருகிட்டண்ணா?"

"நம்ம மயில்சாமிகிட்டத்தானுங்க. பல்லடம் ரோட்டுல சாயப்பட்டறை வெச்சிருக்காப்ல. அவிங்க துணி புழியற ஹைட்ரோல டிரைவ் புகைஞ்சு போச்சு. ஷிப்மென்ட் தலைக்கு மேல நிக்குதுன்னு போன்லயே அழுதுட்டாப்ல. நம்மகிட்ட ரெண்டு நாளைக்கு லோடு இல்லீங்களே, கைமாத்தாக் கொண்டு போங்கன்னுட்டனுங்க. ஊர்ல நடக்கறதுதானுங்க?"

நடக்கிறதுதான்.

திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ஊசி, நூல், மெக்கானிக், சில நேரம் ஜெனரேட்டர்கூட காம்பவுண்ட் சுவர் தாண்டிப் போய்விட்டு வரும். யாரும் எழுதி வாங்கிக்கொள்வதில்லை.

ராபின் தனக்கு எதிரே திறந்து கிடந்த பேனல் பெட்டியைப் பார்த்தான்.

உள்ளே நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள். அறுந்த நரம்புகள் மாதிரித் தொங்கும் ஒயர்கள். செருப்பு டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில்... ஒரு பல்லி.

ராபினுக்கு இருபத்தேழு வயது. சொந்த ஊர் நாசரேத் பக்கம். திருப்பூருக்கு வந்து ஆறு வருஷம். மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று கட்டளையிடும் டிரைவ்களை ரிப்பேர் செய்கிற இன்ஜினியர். ஈரத் துணியைத் தராசில் போடாமலே எடை சொல்லக்கூடிய, இந்தச் சாயப்பட்டறையின் முதலாளியான வெள்ளியங்கிரிக்கு, அவன் வெறும் 'இன்ஜினியர் தம்பி'.

அந்த இன்ஜினியர் தம்பிக்கு இப்போது வியர்த்தது.

"எத்தனை மணி நேரம் ஓடியிருந்துச்சுண்ணா?"

"அதா, கதவுல பாருங்க. உங்கண்ணன் சாக்பீஸ்ல எழுதி வெச்சிருப்பான். கிரீஸ் வெக்கோணுமில்ல."

பேனல் கதவில் அண்ணன் ஆரோக்கியராஜின் கோணல் கையெழுத்து. 36.

முப்பத்தாறு மணி நேரம்!

இன்னும் நான்குதான் பாக்கி. அதுவும் நேற்றுக் காலைக் கணக்கு.

"அண்ணா... எங்க அண்ணன் எங்க? லீவா?"

வெள்ளியங்கிரி சிரித்தார். "லீவாங்? டிரைவோட சேத்து அவனையும் அனுப்பிச்சுட்டனுங்க. மயில்சாமிகிட்ட அதை மாட்டறதுக்கு ஆளில்லீங்க. ஏன், ஊட்டுல சொல்லலீங்ளா?"

ராத்திரி அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. ஷிப்மென்ட் வேலை என்று அண்ணி ஆஷா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ராபினின் முகம் முதல் சலவை பார்த்த மட்டப் பனியன் மாதிரிச் சுருங்கியது.

"என்னாச்சுங் தம்பி?"

"அந்த டிரைவ்ல... ஒரு ஃபால்ட் இருக்குண்ணா. மயில்சாமிக்குப் போன் போட்டு ஹைட்ரோவை நிறுத்தச் சொல்லுங்க. உடனே."

வெள்ளியங்கிரி செல்போனைக் காதில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"அடிச்சுட்டே இருக்குதுங். ஷிப்மென்ட் நாள்ல மயில்சாமி போன் எடுத்தா அன்னிக்கு மழை வரும்."

ராபின் அண்ணனின் நம்பரை அழுத்தினான். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. ஆரோக்கியராஜ் வேலை நேரத்தில் செல்போனை டிபன் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவான். தண்ணீர் படக்கூடாதாம்.

ஜாக்கிரதையான ஆள்.

*

மூன்று வாரங்களுக்கு முன்பு வரை ராபினுக்கு ஒற்றர்கள் என்றால் வேறு படம். பனி பெய்யும் ஏதோ ஒரு நகரம். பாலத்தின் மேல் விளக்கு. கறுப்புக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கும் ஓர் ஆள். அவன் பின்னால் இன்னொரு காலடி.

நிஜ ஒற்றர் காதர்பேட்டை லாட்ஜில், மூன்றாவது மாடி அறையில், கட்டில் நிறையச் சாம்பிள் பனியன்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே அவர் கல்கத்தாவிலிருந்து வந்த பனியன் வியாபாரி.

"என் பேர் மணியன்" என்றார். அது அவருடைய பெயர்தானா என்பதில் அவருக்கே சந்தேகம் இருப்பது போல் ஒரு குரல். "டெல்லியில ஒரு ஆபீஸ். வாசல்ல போர்டு இருக்காது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டின டிரைவை எல்லாம் திறக்கறதுக்கு நீ ஒரு புரோகிராம் எழுதியிருக்கியாமே?"

"ரிப்பேருக்காக சார்..."

"அதே திறமைதான் வேணும். ஒரு நாடு. பேரு கேட்காதே. அங்கே ஒரு மலைக்கு அடியில நூத்துக்கணக்கான டிரம் சுத்துது. உன் சாயப்பட்டறை ஹைட்ரோ துணியில இருந்து தண்ணியைப் பிரிக்குது. அது வேற எதையோ பிரிக்குது. பிரிச்சு முடிச்சா நாம யாரும் நிம்மதியாத் தூங்க முடியாது. ரெண்டுக்கும் டிரைவ் ஒரே கம்பெனி. குண்டு போட்டா உலகம் கத்தும். தானாக் கெட்டுப்போனா?"

"யாருக்கும் தெரியாது."

"பார்த்தியா. நீ பாதி ஒற்றன் ஆயிட்டே."

ராபினுக்கு அன்றைக்கு நெஞ்சு விம்மியது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். வெளியே சொன்னால் பத்து வருஷம் சிறை என்று அதில் இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் போட்டான்.

மணியன் தந்த புரோகிராமைத் தன்னுடையதோடு இணைத்தான். முதல் சோதனைக்காக, முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அண்ணன் வேலை செய்யும் வெள்ளியங்கிரியின் பட்டறையில், சர்வீஸ் என்ற பெயரில் ஹைட்ரோவின் டிரைவுக்குள் ஏற்றினான். நாற்பது மணி நேரம் ஓடியதும் அது விழித்துக்கொள்ளும். மெஷின் லேசாகத் திணறி நின்றுவிடும். அவ்வளவுதான் என்றார் மணியன்.

அவ்வளவுதானா?

இன்று காலையில் ராபினுக்குள் சந்தேகம் ஊறியது. தன் கடையில் ஒரு பழைய மோட்டாரைப் பெஞ்சில் பூட்டி, புரோகிராமின் நகலை ஏற்றி, மணிக் கணக்கை நாற்பதுக்குத் தள்ளிவைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான்.

டிஸ்ப்ளேயில் 960 சுற்று என்று சாதுவாகக் காட்டியது.

மோட்டார் அலறியது.

ஸ்டாப் பட்டனை அழுத்தினான். நிற்கவில்லை. வேகம் கூடியது... இன்னும் கூடியது... டிஸ்ப்ளேயில் அதே 960. மெயினை அணைக்க அவன் ஓடுவதற்குள் மோட்டாரின் முனையிலிருந்த இரும்பு வளையம் பிய்த்துக்கொண்டு, அவன் காதை உரசி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போனது.

ஒரு வளையமே கூரையைத் துளைத்தால்... நூற்றைம்பது கிலோ ஈரத் துணியோடு சுற்றும் இரும்புக் கூடை?

அந்தக் கூடையின் மூடி மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பது ஆரோக்கியராஜின் பழக்கம்.

*

வெள்ளியங்கிரியின் பட்டறைக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ராபின் மணியனை அழைத்தான். இரண்டு முறை தப்பான நம்பர்.

"சார்... நிறுத்தற நம்பர் வேணும். ஆறு இலக்கம் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அது."

"எதுக்கு?"

"டிரைவ் இடம் மாறிடுச்சு சார். வேற பட்டறைக்கு இரவல் குடுத்துட்டாங்க."

மறுமுனையில் ஒரு கரகரப்பான சிரிப்பு.

"பிரமாதம். எங்கே போனாலும் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடும். மணி எவ்வளவு ஆச்சு?"

"தெரியல. முப்பத்தெட்டு இருக்கலாம், முப்பத்தொன்பது இருக்கலாம். சார், அந்த மெஷின்ல எங்க அண்ணன் நிக்கிறான். நீங்க லேசாத் திணறும்னு சொன்னீங்க. நான் காலைல ஓட்டிப் பார்த்தேன். அது திணறல. கொல்லும்."

"உன்னை யாரு ஓட்டிப் பார்க்கச் சொன்னது?"

"சார்..."

"இதோ பார் ராபின். ஆள் சாகணும்னு நமக்கு ஆசை இல்லை. செத்தா குறிச்சுக்குவோம். அது வேற. பரீட்சைக்குப் பாதியில பேப்பரைப் பிடுங்கக் கூடாது."

"அண்ணன் சார்..."

"எனக்கும் கஷ்டம் இருக்குப்பா. இந்த லாட்ஜுல ஒரு வாரமா லிஃப்ட் வேலை செய்யல. மூணு மாடி ஏறி இறங்கி முட்டி ரெண்டும் போச்சு. நேத்து முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தினேன். நாட்டுக்காக நான் அதைப் பொறுத்துக்கல? வெளியே வாயைத் திறந்தா அந்தக் காகிதம் ஞாபகம் இருக்கட்டும்."

டொக்.

பைக்கை உதைக்கையில் ராபினின் கால் மூன்று முறை வழுக்கியது.

மணி ஒன்றே முக்கால்.

திடீரென்று ஒரு நினைப்பு. அது 2008. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. பல்லடம் ரோட்டில் ஒன்று முதல் மூன்று வரை கரண்ட் கிடையாது!

கரண்ட் இல்லையென்றால் ஹைட்ரோ ஓடாது. ஹைட்ரோ ஓடாவிட்டால் மணிக் கணக்கு நகராது. மூன்று மணிக்குள் போய்விட்டால் போதும்.

"ஏசப்பா... மூணு வரைக்கும். மூணு வரைக்கும் கரண்ட்டைக் குடுத்துராதேயும்."

கரண்ட் வர வேண்டாம் என்று திருப்பூரில் அன்றைக்குப் பிரார்த்தனை செய்த ஒரே மனிதன் அவனாகத்தான் இருக்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்தது. இருபது நிமிஷம்! அதைத் தாண்டினால் பாலத்தடியில் பஸ்கள். நெரிசலில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் கண்ணுக்குள் ஒரு சாக்பீஸ் கை எழுதிக்கொண்டே போனது. முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...

ஊரைத் தாண்டி பல்லடம் ரோட்டுக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பது. கோழித் தீவன வாடை. தகரக் கூரைகள். மயில்சாமியின் சாயப்பட்டறை ஐம்பது அடி தூரத்தில் தெரிந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டுபு... டுபு... டுபு...

ஜெனரேட்டர்!

*

பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். பட்டறைக்குள் நீராவி. சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் தரையில் ஓடியது. அந்த மூலையில், ஆள் உயர இரும்புத் தொட்டியாக, ஹைட்ரோ.

'உய்ய்ய்...' என்று அது இழுத்துக்கொண்டிருந்தது. காலையில் பெஞ்சில் கேட்ட அதே சத்தம்.

மூடி மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் முதுகைச் சொறிந்தபடி, ஆரோக்கியராஜ்.

"அண்ணே... தள்ளுண்ணே!"

கேட்கவில்லை.

ராபின் சுவரோரம் பாய்ந்தான். வழியில் யாரோ அடுக்கியிருந்த துணி பண்டல் சரிந்தது. மெயின் ஸ்விட்சின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான்.

டக்.

பட்டறை மொத்தமும் மூச்சை நிறுத்தியது. ஹைட்ரோவின் சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி... இறங்கி... நின்றது.

"எவம்ல அது மெயினை அமத்துனது?" ஆரோக்கியராஜ் திரும்பினான். "ஏல ராபினு? உனக்கென்ன கிறுக்கால? உள்ள லோடு கெடக்கு."

ராபின் அண்ணனின் சட்டையைப் பிடித்துப் பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போனான். அப்புறம்தான் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

"ஏல... என்னல இது? அழுதியா? ஆஷாவுக்கு எதும்..."

"அண்ணிக்கு ஒண்ணுமில்ல. அண்ணே, நீ அந்த மெஷினைத் தொடாத. அந்த டிரைவு... அது வெடிச்சிரும்."

"எந்த டிரைவு?"

"வெள்ளியங்கிரி அண்ணன்கிட்ட இருந்து கொண்டுவந்தியே, அது."

ஆரோக்கியராஜ் தம்பியை ஒரு மாதிரியாகப் பார்த்தான். போய்ப் பேனல் கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரு பச்சை நிறப் பெட்டி.

சாம்பல் இல்லை. பச்சை!

"இவுங்க சொந்த டிரைவு ரிப்பேராயி நேத்து சாயங்காலமே வந்துட்டுல்லா. அதை மாட்டிட்டு நம்மளதைக் கழட்டிட்டேன். நேத்துப் பூரா ஓட்டுனேன், சும்மா வெண்ணெ மாதிரி ஓடுச்சு. அதுக்குப் போயி இந்தப் பாடு படுத்துத."

"கழட்டுறப்ப மணி எவ்வளவுண்ணே?"

ஆரோக்கியராஜ் கதவின் உள்பக்கம் சாக்பீஸ் எழுத்தைக் காட்டினான்.

39 மணி 50 நிமிடம்.

பத்தே நிமிஷம்! இன்னும் இரண்டு லோடு போட்டிருந்தால்...

ராபின் அண்ணனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"அந்த டிரைவு இப்ப எங்கண்ணே?"

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது.

"ஏனுங் தம்பி, நீங்கதான் மெயினை அமத்துனீங்ளா?" மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கோபத்திலும் மரியாதை குறையாத ஆள். "நல்லாருக்குதுங் நீங்க பண்றது. அஞ்சு மணிக்கு லாரி வந்து நிக்குமுங்க."

"அண்ணா, வெள்ளியங்கிரி அண்ணன் குடுத்த டிரைவ்?"

"அதுங்ளா? திருப்பிக் குடுக்கோணும்னு எடுத்து வெச்சனுங்க. அதுக்குள்ள எங்க மச்சான் வந்துட்டாப்ல. காதர்பேட்டைல லாட்ஜ் வெச்சிருக்காருங். லிஃப்ட்டு டிரைவ் போயி ஒரு வாரமா நிக்குதாமா. மூணாவது மாடில ஒரு கல்கத்தா பார்ட்டி... முட்டி வலின்னு கத்தி ஊரைக் கூட்டிருச்சாமா. ரெண்டு நாளைக்கு வெச்சு ஓட்டிக்கங்கன்னு குடுத்தனுங்க. நேத்து ராத்திரியே மாட்டியாச்சு."

ராபின் விரல் விட்டுக் கணக்குப் போட்டான்.

பத்து நிமிஷம். லிஃப்ட் ஒரு தடவை ஏறி இறங்க இருபது நொடி. முப்பது நடை. ஒரு வாரமாகப் படியேறிச் செத்தவர்கள் நேற்று ராத்திரியும் இன்று காலையும் எத்தனை நடை போயிருப்பார்கள்? இருபத்தைந்து? இருபத்தொன்பது?

"அண்ணா, உங்க மச்சானுக்குப் போன் போடுங்க. லிஃப்ட்டை நிறுத்தச் சொல்லுங்க."

"அது எதுக்குங் நிறுத்தோணும்? காதர்பேட்டைலயும் மூணு வரைக்கும் கரண்ட்டே இல்லீங்களே. நின்னுதான கெடக்கும்."

அந்தக் கணத்தில், வாசலுக்கு எதிரே டீக்கடையில் யாரோ அணைக்க மறந்திருந்த குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது.

மணி மூன்று. கரண்ட் வந்துவிட்டது.

ராபினின் பாக்கெட்டில் செல்போன் அடித்தது.

மணியன்.

"ராபின், நானே கிளம்பி வரேன், இடத்தைக் கீழே போய்க் கேட்டுக்கறேன்" என்றார் உற்சாகமாக. "வெடிக்கிற நேரத்துக்கு நேர்ல இருந்தா ரிப்போர்ட் நல்லா வரும். ஒரு நல்ல சேதி தெரியுமா? இன்னிக்கு ரூமை விட்டே வெளியே வரல, இப்பத்தான் பார்த்தேன், லிஃப்ட்டைச் சரி பண்ணிட்டான். நேத்து நான் போட்ட சத்தம் அப்படி."

"சார், லிஃப்ட்ல ஏறாதீங்க."

"ஏறிட்டேனே. கீழே போயிட்டிருக்கேன். பழைய கம்பிக் கதவு லிஃப்ட்தான், ஆனா வழுக்கிட்டுப் போவுது. ரெண்டு... ஒண்ணு... ஏய், என்ன இது? நிக்கல. கீழே தொட்டுட்டு மறுபடி மேலே போவுது."

ராபின் கண்களை மூடிக்கொண்டான்.

"ஸ்டாப்பை அழுத்தறேன். கேட்க மாட்டேங்குது. போன தடவையை விட வேகமாப் போவுது ராபின். மாடி எல்லாம் கோடு மாதிரித் தெரியுது. கவுண்டர்ல ஆள் இல்லை, சாப்பிடப் போயிட்டான்... மறுபடி கீழே..."

"சார். வெள்ளியங்கிரி பட்டறை டிரைவ், இரவல்ல போச்சுன்னு சொன்னேனே. அது இப்ப எங்க இருக்குன்னு கேக்கவே இல்லையே நீங்க."

கம்பிக் கதவு கடகடவென்று அதிரும் சத்தம். மணியனின் மூச்சு. அவருக்குப் புரிய ஒன்றரை மாடி நேரம் பிடித்தது.

"ராபின்... டேய்... ராபின், தம்பி... நம்பர் சொல்றேன், எழுதிக்கோ..."

"நம்பரை மொட்டை மாடி லிஃப்ட் ரூம்ல, அந்த டிரைவ்லயே அடிக்கணும் சார். நான் பல்லடம் ரோட்டுல இருக்கேன்."

"அப்ப மெயின்... லாட்ஜுக்கு யாரையாவது கூப்பிட்டு மெயினை அணைக்கச் சொல்லு. எனக்கு இங்க யார் நம்பரும் தெரியாது. உன்னைத்தான் தெரியும். காகிதம் எல்லாம் கிழிச்சுப் போட்டுடறேன். சொல்லுப்பா... ஒரே ஒரு போன்..."

ராபின் கண்களைத் திறந்தான்.

எதிரே மயில்சாமி. அவருடைய கையில் செல்போன். அதில் மச்சானின் நம்பர். நீட்டினால் எட்டும் தூரம்.

பக்கத்தில் ஆரோக்கியராஜ். பத்து நிமிஷ வித்தியாசத்தில் உயிரோடு நின்றுகொண்டு, பாக்கெட்டில் சாக்பீஸ் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தான்.

செத்தா குறிச்சுக்குவோம்.

ராபினின் காதில் கம்பிக் கதவின் சத்தம் இப்போது 'உய்ய்ய்' என்று ஒரே இழையாக ஆகியிருந்தது.

மயில்சாமி பணிவாகக் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங் தம்பி, போன்ல அந்த லாட்ஜு பார்ட்டிங்ளா? லிஃப்ட்டு இப்ப எப்படி ஓடுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்..."